ஏழும் இரண்டும் எட்டு ஆவது எப்போது?

ஏழுடன் ஒன்றைக் கூட்டுங்கள். வந்த விடையுடன் மறுபடியும் ஒன்றைக் கூட்டுங்கள். என்ன விடை? ஒன்பது. 'இதைக் கேட்கவா ஒரு கட்டுரை?' என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் ஒரு நொடியில் பல கோடிக் கணக்குகளைப் போட்டுத் தள்ளும் கணிப்பொறி, இதே கணக்குக்குச் சில வேளைகளில் 'எட்டு' என்று விடை சொல்லிவிடும். அது பழுதடைந்த கணிப்பொறி என்று எண்ணிவிடாதீர்கள். அதன் ஒவ்வோர் உறுப்பும் இட்ட ஆணையை இம்மியும் பிசகாமல் நிறைவேற்றும்போதே இந்தத் தவறு நேரக்கூடும். இது எப்படி நேருகிறது? இதைத் தடுக்க வல்லுநர்கள் என்ன செய்கிறார்கள்? தடுக்காவிட்டால் என்ன ஆகும்? வாருங்கள், பார்ப்போம்.

கரும்பலகையும் இரு தொண்டர்களும்

உங்கள் பள்ளியில் ஆண்டு விழா நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்குக் கிழக்கே ஒரு வாயில், மேற்கே ஒரு வாயில். நடுவில் ஒரு கரும்பலகை. அதுவரை வந்தவர்களின் எண்ணிக்கை அதில் எழுதப்பட்டிருக்கிறது. கிழக்கு வாயிலில் கண்ணன் நிற்கிறான். மேற்கு வாயிலில் மேரி நிற்கிறாள். ஒருவர் உள்ளே வந்ததும் அவர்கள் செய்ய வேண்டிய வேலை மூன்று: பலகையில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும், மனத்தில் ஒன்று கூட்ட வேண்டும், பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணை எழுத வேண்டும்.

பலகையில் 7 என்று இருக்கிறது. கிழக்கு வாயிலில் ஒருவர் நுழைகிறார். கண்ணன் பலகையைப் பார்த்து 'ஏழு' என்று மனத்தில் வாங்கிக்கொள்கிறான். அதே வேளையில் மேற்கு வாயிலிலும் ஒருவர் நுழைகிறார். மேரியும் பார்க்கிறாள், அவளுக்கும் 'ஏழு'தான் தெரிகிறது. கண்ணன் கூட்டி 8 என்று எழுதுகிறான். மேரியும் கூட்டி, அழித்து, 8 என்றே எழுதுகிறாள். வந்தவர்கள் இருவர், ஏறியது ஓர் எண். கண்ணனும் தவறு செய்யவில்லை, மேரியும் தவறு செய்யவில்லை. ஆயினும் கணக்குத் தவறிவிட்டது.

கணிப்பொறிக்குள்ளும் இதுவே நடக்கிறது. எண்கள் நினைவகத்தில் இருக்கின்றன. கூட்டல் செயலிக்குள் நடக்கிறது. 'ஒன்று கூட்டு' என்று நாம் ஒரே சொல்லில் சொன்னாலும், செயலி அதனை மூன்று படிகளாகவே செய்கிறது. நினைவகத்திலிருந்து எண்ணை எடுக்கிறது. தனக்குள் வைத்துக் கூட்டுகிறது. மீண்டும் நினைவகத்தில் கொண்டுபோய் வைக்கிறது. இன்றைய கணிப்பொறிகளிலும் கைபேசிகளிலும் ஒரே சில்லின் மீது நான்கு, எட்டு என்று பல செயலிகள் ஒருசேர இயங்குகின்றன. அவை யாவும் பார்ப்பது ஒரே நினைவகத்தை. ஒரு பலகை, பல கண்ணன்கள், பல மேரிகள் என்று சொல்லுங்களேன்!

யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறுவதால், இவ்வகைத் தவற்றைப் 'பந்தயப் பிழை' எனலாம். இதில் உள்ள பெருந்தொல்லை என்னவென்றால், இது எப்போதும் வருவதில்லை. பத்து இலட்சம் முறை சரியாக இருந்து, அடுத்த முறை தவறலாம். ஆராயலாம் என்று உட்கார்ந்தால் மீண்டும் தலைகாட்டாமலும் போகலாம்.

பகாச் செயல் என்றால் என்ன?

தமிழ் இலக்கணத்தில் பகுபதம், பகாப்பதம் என்று படித்திருப்பீர்கள். மேலும் பிரித்தால் பொருள் தராத சொல் பகாப்பதம். கணக்கில் பகா எண் உண்டு. அதே போல், இடையில் பிரிக்க முடியாத செயலை நாம் 'பகாச் செயல்' என்போம். ஆங்கிலத்தில் இதற்கு 'அட்டாமிக் ஆபரேஷன்' என்று பெயர். 'அணுவுக்கும் இதற்கும் என்ன உறவு?' என்று கேட்கிறீர்களா? 'அட்டோமோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'வெட்ட முடியாதது' என்று பொருள். அணுவை அவ்வாறு அழைத்த பிறகு, இயற்பியலார் அதனைப் பிளந்தே காட்டிவிட்டனர். கணிப்பொறியாளரோ அந்தப் பழைய பொருளைக் கைவிடவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு செயல் மிக விரைவாக முடிவதால் மட்டும் அது பகாச் செயல் ஆகிவிடாது. அதன் இடைநிலையை வேறு எவரும் காண முடியாதிருக்க வேண்டும். இடையில் எவரும் புக முடியாதிருக்க வேண்டும். மற்றவர் பார்வையில் ஒன்று அது தொடங்கவே இல்லை, அல்லது முழுவதும் முடிந்துவிட்டது. பாதி என்பதே கிடையாது.

இத்தகைய பகாமை இயற்கையில் தானாக அமைந்துவிடுவதில்லை. அதனை மனிதர்கள் உண்டாக்க வேண்டும். உண்டாக்கிய பின் காவலும் காக்க வேண்டும். அந்தக் காவலில் முதன்மையான இடம் இயங்குதளத்தின் கெர்னலுக்கு உரியது.

கெர்னலும் கடைசி ஆளும்

கெர்னல் என்றால் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. கணிப்பொறியில் எந்த நிரல் எப்போது ஓட வேண்டும், நினைவகத்தில் யாருக்கு எவ்வளவு இடம், எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்பனவற்றை எல்லாம் முடிவு செய்யும் உட்பகுதிக்கு அதுவே பெயர். 1991ஆம் ஆண்டு பின்லாந்தைச் சேர்ந்த மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய 'லினக்ஸ்' இத்தகைய ஒரு கெர்னல். ஆண்ட்ராய்டு கைபேசிகள் எல்லாவற்றிலும் இயங்குவது அதுதான்.

கெர்னலுக்குள் ஆயிரக்கணக்கான எண்ணிக்கைகள் ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நூலகத்தின் படிப்பறையை எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே போகிறவர் ஓர் எண்ணை ஏற்ற வேண்டும். வெளியே வருகிறவர் ஓர் எண்ணைக் குறைக்க வேண்டும். எண் பூச்சியம் ஆனால், கடைசியாக வந்தவர் விளக்கை அணைத்து அறையைப் பூட்டிவிட வேண்டும். கெர்னலும் இப்படித்தான் செய்கிறது. ஒரு கோப்பையோ நினைவகப் பகுதியையோ எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணி வைக்கிறது. எண் பூச்சியமானதும் அந்த இடத்தை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறது.

எண்ணிக்கை கூடுதலாகத் தவறினால் விளக்கு வீணாக எரிந்துகொண்டே இருக்கும். நினைவகம் விரயமாகும், அவ்வளவுதான். எண்ணிக்கை குறைவாகத் தவறினால்? உள்ளே ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போதே அறை வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிடும். ஒரு நிரலின் இரகசியத்தை மற்றொரு நிரல் படிக்கலாம். திருடன் எவனேனும் உங்கள் கணிப்பொறி முழுவதையும் தன் வசமாக்கிக்கொள்ளலாம். இத்தனைக்கும் காரணம், ஏழும் இரண்டும் எட்டு ஆனதுதான்!

டைலர் நகரில் நடந்தது

'எண்தானே, தவறினால் என்ன?' என்பவர்களுக்கு ஒரு துயர நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். கனடாவின் ஏ.ஈ.சி.எல். நிறுவனம் தயாரித்த 'தெராக்-25' என்பது புற்றுநோய்க்குக் கதிர் மருத்துவம் செய்யும் இயந்திரம். எலெக்ட்ரான் கற்றை, எக்ஸ்-கதிர் இரண்டையும் அதனால் தர முடியும். எக்ஸ்-கதிருக்குப் பன்மடங்கு வலிமையான எலெக்ட்ரான் கற்றை தேவை. அது உலோகத் தகட்டில் மோதியே எக்ஸ்-கதிராக மாறும். இயந்திரத்தைக் கட்டுப்படுத்தியது ஒரு பி.டி.பி.-11 கணிப்பொறி. அதற்கெனவே எழுதப்பட்ட சிறு இயங்குதளம் அதில் ஓடியது. தட்டச்சைக் கவனிப்பது ஒரு பணி; இயந்திரத்தை ஆயத்தம் செய்வது இன்னொரு பணி. இரண்டும் பொதுவான நினைவக இடங்களின் வழியே செய்தி பரிமாறிக்கொண்டன.

1986 மார்ச் மாதம், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள டைலர் நகரில், இயந்திரத்தை இயக்கிய பெண்மணி எலெக்ட்ரானுக்குப் பதிலாக எக்ஸ்-கதிர் எனத் தவறுதலாகத் தட்டினார். உடனே கவனித்து, விரைவாகத் திருத்தினார். அப்போது இயந்திரம் தன் காந்தங்களைச் சரிசெய்துகொண்டிருந்தது. அதற்கு ஏறத்தாழ 8 நொடிகள் பிடிக்கும். அந்த 8 நொடிக்குள் செய்த திருத்தம் ஒரு பணிக்குத் தெரிந்தது, மற்றதற்குத் தெரியவில்லை. எக்ஸ்-கதிருக்குரிய வலிமையுடன், இடையில் தகடு இல்லாமல், கற்றை நோயாளியின் மீது பாய்ந்தது. தர வேண்டிய அளவு 180 ராட். அவர் பெற்றது 16,500 முதல் 25,000 ராட் வரை இருக்கலாம் எனப் பின்னர் மதிப்பிட்டனர். திரையில் தோன்றியது 'மால்ஃபங்ஷன் 54' என்னும் ஒரு வரி மட்டுமே. அடுத்த மாதமே அதே இடத்தில் இன்னொருவருக்கும் இவ்வாறு நேர்ந்தது. இருவரும் இறந்துவிட்டனர்.

காரணத்தைக் கண்டவர் அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர். இயந்திரத்தை இயக்கியவருடன் அமர்ந்து, அதே திருத்தத்தை மீண்டும் மீண்டும் செய்து பார்த்தார். மெதுவாகத் தட்டினால் தவறு வரவில்லை. விரைவாகத் தட்டினால் வந்தது! 1985 முதல் 1987 வரை இவ்வியந்திரத்தால் ஆறு பேர் மிகையான கதிர்வீச்சுக்கு ஆளாயினர். இதனை ஆராய்ந்து நான்சி லெவசன், கிளார்க் டர்னர் என்னும் இருவர் 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பொது நினைவக இடங்களைச் சோதிப்பதும் நிரப்புவதும் இந்த நிரலில் பகாச் செயல்களாக இல்லை என்று அவர்கள் அதில் சுட்டிக்காட்டினர்.

டோக்கன் இருந்தால்தான் ரயில் போகும்

இனி, வல்லுநர்கள் கண்ட வழிகளைப் பார்ப்போம்.

ஒரே ஒரு செயலி உள்ள காலத்தில் வழி எளிது. செயலியின் வேலைக்கு நடுவில் விசைப்பலகை, கடிகாரம் போன்றவை 'இங்கே பார்' என்று குறுக்கிடும். முக்கியமான வேலை முடியும் வரை அக்குறுக்கீடுகளுக்குக் காது கொடாதே என்று ஆணையிட்டால் போதும். ஆனால் இரண்டாவது செயலி வந்துவிட்டால், நம் காதைப் பொத்திக்கொள்வதால் அடுத்தவர் கை நின்றுவிடுமா?

வெறும் படித்தல், எழுதுதல் என்னும் இரு செயல்களைக் கொண்டே ஒருவருக்கொருவர் வழிவிடும் முறையை நெதர்லாந்துக் கணித அறிஞர் டெக்கர் இரண்டு பேருக்காக வகுத்தார். அந்நாட்டின் டைக்ஸ்ட்ரா 1965இல் அதனை எத்தனை பேருக்கும் பொருந்துமாறு விரித்து வெளியிட்டார். நுட்பமான வழி, ஆனால் சுற்றுவழி.

பொறியாளர்கள் நேர்வழியைத் தேடினர். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே ரயில்கள் வந்துவிடாதிருக்க, நெடுங்காலமாக டோக்கன் முறை கையாளப்பட்டது. இரு நிலையங்களுக்கும் பொதுவாக ஒரே ஒரு டோக்கன்தான் வெளியே வரும். அது எந்த ஓட்டுநர் கையில் இருக்கிறதோ அவரே அத்தடத்தில் செல்லலாம். 1964இல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 கணிப்பொறிகளில் 'சோதித்து நிரப்பு' என்று ஓர் ஆணை இருந்தது. 'டோக்கன் இருக்கிறதா?' என்று பார்ப்பதும் அதை எடுத்துக்கொள்வதும் அதில் ஒரே மூச்சில் நடக்கும். பார்த்ததற்கும் எடுத்ததற்கும் நடுவே இன்னொருவர் கை நுழையாது.

அடுத்து வந்த சிஸ்டம்/370 வரிசையில் 'ஒப்பிட்டு மாற்று' என்னும் ஆணை இடம்பெற்றது. கண்ணனிடம் நாம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? "நீ பார்த்தபோது 7 இருந்தது. எழுதப் போகும்போதும் 7 இருந்தால் மட்டும் 8 என்று எழுது. வேறு எண் இருந்தால் எழுதாதே. புதிய எண்ணைப் பார்த்து முதலிலிருந்து தொடங்கு." இப்போது மேரி முந்திக்கொண்டு 8 எழுதிவிட்டாலும் கெடுதல் இல்லை. கண்ணன் 8ஐக் கண்டு, மறுபடி கூட்டி, 9 எழுதுவான். இந்த எளிய ஆணையின் ஆற்றலை மாரிஸ் ஹெர்லிஹி 1991இல் கணித முறையில் நிறுவினார். ஒருவர் பாதி வழியில் நின்றுவிட்டாலும் மற்றவர்கள் காத்திராமல் ஓர் உடன்பாட்டுக்கு வர வேண்டும் என்றால், படித்தலும் எழுதுதலும் இருவருக்குக்கூடப் போதாது. 'சோதித்து நிரப்பு' இருவருக்கு மட்டும் போதும். 'ஒப்பிட்டு மாற்று' எத்தனை பேருக்கும் போதும்!

சில்லுக்குள் நடப்பது என்ன?

1978இல் வந்த இன்டெல் 8086 செயலியில் 'லாக்' என்று ஒரு முன்னொட்டு உண்டு. அதைச் சேர்த்த ஆணை முடியும் வரை, நினைவகத்துக்குச் செல்லும் பொதுவழியை வேறு எவரும் பயன்படுத்த முடியாது. ஒருவர் கடப்பதற்காக ஊர்ச் சாலை முழுவதையும் மூடுவது போன்றது இது. பின்னாளில் ஒவ்வொரு செயலிக்கும் அருகிலேயே 'கேஷ்' என்னும் சிறு நினைவகம் அமைந்தது. அதில் செய்திகள் வழக்கமாக 64 பைட் கொண்ட துண்டுகளாக வைக்கப்படுகின்றன. ஒரு துண்டில் எழுத விரும்பும் செயலி, மற்றவர்களிடம் உள்ள நகல்களைச் செல்லாதவை ஆக்கிவிட்டு, அத்துண்டைத் தனக்கே உரியதாக்கிக்கொள்ள வேண்டும். பகாச் செயல் முடியும் வரை அதை விட்டுக்கொடாமல் இருந்தால் போதும். சாலை முழுவதையும் மூட வேண்டிய தேவை இப்போது பெரும்பாலும் இல்லை.

வேறு சில செயலிகள் மற்றொரு வழியைக் கொண்டன. 'குறித்துக்கொண்டு படி' என்பது ஓர் ஆணை. 'இடையில் எவரும் தொடாதிருந்தால் எழுது' என்பது அதன் இணை. யாரேனும் தொட்டிருந்தால் எழுத்து நிறைவேறாது. மீண்டும் முயல வேண்டும். 'ரிஸ்க்-வி' என்னும் திறந்த ஆணைத் தொகுதியில் இந்த இணையும் இருக்கிறது. நேரடியாகக் கூட்டும் பகா ஆணைகளும் இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'சக்தி' செயலிகள் இத்தொகுதியையே அடிப்படையாகக் கொண்டவை.

இவற்றுக்கெல்லாம் விலையும் உண்டு. 3 கிகாஹெர்ட்ஸ் செயலியின் ஒரு துடிப்பு நேரத்தில் ஒளியே 10 சென்டிமீட்டர்தான் செல்லும். கம்பியில் செல்லும் மின்குறிப்பு அதனினும் மெதுவாகவே போகும். ஆகவே, ஒரே எண்ணுக்குப் பல செயலிகள் போட்டியிட்டால், அந்தத் துண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பந்துபோல ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கூட்டலுக்கும் பல துடிப்புகள் வீணாகும். இதனால்தான் கெர்னல், முடிந்த இடங்களில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிப் பலகை கொடுத்து, தேவைப்படும்போது மட்டும் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்கிறது.

மணி முந்தி அடித்தால்?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தேர்வு முடிவுகளைப் பலகையில் எழுதிவிட்டு மணி அடிப்பது வழக்கம். மணி கேட்டதும் மாணவர்கள் ஓடி வருவார்கள். எழுதும் முன்பே மணி அடித்துவிட்டால் பழைய எண்களையே பார்ப்பார்கள் அல்லவா? விரைவுக்காக இன்றைய செயலிகள் தம் வேலைகளின் வரிசையை மாற்றிக்கொள்கின்றன. தனக்குள் பார்க்கும்போது விடை மாறாது. பக்கத்துச் செயலிக்கு மட்டும் மணி முந்திக் கேட்டுவிடும். இன்டெல் செயலிகளில் இந்த மாற்றம் குறைவு. கைபேசிகளில் உள்ள ஆர்ம் செயலிகளில் மிகுதி. டைக்ஸ்ட்ராவின் அழகிய வழிகூட, இன்று அப்படியே எழுதினால் இக்காரணத்தால் தோற்றுவிடும். ஆகவே, 'இதற்கு முன்னுள்ளவை தெரிந்த பிறகே பின்னுள்ளவை தெரிய வேண்டும்' என்று சொல்லும் தடுப்பு ஆணைகளைக் கெர்னல் எழுதுவோர் உரிய இடங்களில் வைக்கிறார்கள்.

ஓயாத காவல்

பகாச் செயல்களை ஒரு முறை எழுதி வைத்துவிட்டால் வேலை தீர்ந்ததா? இல்லை. லினக்ஸின் வரலாறே இதற்குச் சான்று.

1996இல் வந்த 2.0 பதிப்பில்தான் லினக்ஸ் பல செயலிகளில் இயங்கத் தொடங்கியது. அப்போது கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரும் பூட்டு. ஒரு செயலி உள்ளே இருந்தால் மற்றவை வாசலில் காத்திருக்க வேண்டும். அந்தப் பூட்டைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சிறு பூட்டுகளாகவும் பகாச் செயல்களாகவும் மாற்றி, முற்றிலும் நீக்கியது 2011இல்தான். பதினைந்து ஆண்டு உழைப்பு!

ஸ்பார்க் என்னும் பழைய 32 பிட் செயலிகளில், நினைவகத்து எண்ணை நேரே கூட்டவோ ஒப்பிட்டு மாற்றவோ பகா ஆணை கிடையாது. ஆகவே 32 பிட் எண்ணில் 8 பிட்டைப் பூட்டுக்கு ஒதுக்கி, மீதி 24 பிட்டில் எண்ணினார்கள். அந்த ஒரு செயலிக்காக, மற்ற எல்லாச் செயலிகளுக்கும் எழுதுவோர்கூட 24 பிட்டுக்கு மேல் எண்ணாதிருக்க வேண்டியதாயிற்று. வேறு வழி கண்டு அக்கட்டுப்பாட்டை நீக்கியது பின்னரே. லினக்ஸ் பிறந்ததே இன்டெல் 386 செயலியில்தான். ஆனால் 'ஒப்பிட்டு மாற்று' ஆணை 1989இல் வந்த 486இல்தான் சேர்ந்தது. அந்த ஆணை இல்லாத 386க்காகத் தனி ஏற்பாடுகளைச் சுமந்து சலித்து, 2013இல் வந்த 3.8 பதிப்பில் தாய்வீட்டையே கைவிட்டது லினக்ஸ்.

பகாச் செயல் இருந்தும் கணக்குத் தவறலாம் என்பதை 2016 ஜனவரியில் வெளியான ஒரு குறை காட்டியது. கெர்னலின் சாவிப் பகுதியில், ஒரு குறிப்பிட்ட சூழலில் எண்ணை ஏற்றியவர்கள் இறக்க மறந்திருந்தனர். ஒவ்வோர் ஏற்றமும் பழுதில்லாத பகாச் செயலே. ஆனால் அந்த எண் 32 பிட் கொண்டது. 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296 முறை ஏற்றினால், மிதிவண்டியின் தூரங்காட்டி போல, மீண்டும் பூச்சியத்துக்கு வந்துவிடும். பூச்சியம் என்றால் அறையைப் பூட்டிவிடலாம் அல்லவா? உள்ளே ஆள் இருக்கும்போதே கெர்னல் அறையை வேறொருவருக்குக் கொடுத்தது; அதன் வழியே ஒரு சாதாரணப் பயனர் கணிப்பொறி முழுவதையும் கைப்பற்ற முடிந்தது.

இத்தகைய தவறுகளைத் தடுக்க, 2017இல் வந்த 4.11 பதிப்பில் புதுவகை எண்ணி ஒன்று சேர்க்கப்பட்டது. அது உச்சத்தை எட்டினால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், சுற்றி வராது. 'விளக்கு வீணாக எரிந்தாலும் எரியட்டும்; ஆள் உள்ளே இருக்கும்போது அறையைப் பறிக்காதே' என்பதே அதன் கொள்கை. தவறு நேர்ந்தே தீரும் என்றால், குறைந்த கேடு விளைவிக்கும் பக்கமாகத் தவறட்டும் என்று அமைப்பது பொறியியலின் உயர்ந்த பண்புகளுள் ஒன்று.

எப்போதோ ஒரு முறை வரும் தவற்றைச் சோதனையால் மட்டும் பிடித்துவிட முடியாது. ஆகையால் 2018 முதல் லினக்ஸ் கெர்னலுடன், நினைவகத்தின் நடத்தையைக் கணித விதிகளாகக் கூறும் ஒரு மாதிரியும் சேர்ந்து வருகிறது. சிறு நிரல் துண்டு ஒன்றைக் கொடுத்தால், நிகழக்கூடிய வரிசைகள் எல்லாவற்றையும் ஆராய்ந்து, 'இந்தத் தவறான விடை வரக்கூடும்' அல்லது 'வரவே வராது' என்று அது சொல்லிவிடும். 'இத்தனை நாள் சரியாகத்தான் ஓடியது' என்பது டைலர் நகரில் போதுமான விடையாக இல்லை. 'எந்த வரிசையில் நடந்தாலும் தவறாது' என்று காட்ட முடிந்தால்தான் அது விடை.

நீங்களே செய்து பாருங்கள்

இறுதியாக உங்களுக்கு ஒரு புதிர். கரும்பலகையில் 0 என்று எழுதுங்கள். கண்ணன் 100 முறை ஒன்று கூட்ட வேண்டும். மேரியும் 100 முறை ஒன்று கூட்ட வேண்டும். பார்த்தல், கூட்டல், எழுதுதல் என்னும் மூன்று படிகளுக்கு இடையில் எவரும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்றுவிடலாம். பலகையைத் திரும்பிப் பார்க்காமல், மனத்தில் கொண்ட எண்ணை அப்படியே எழுதிவிட வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் முடிவில் 200 வரும். எல்லாம் தவறாக நடந்தால், பலகையில் மிகக் குறைவாக எந்த எண் நிற்கக்கூடும்?

பலர் 100 என்பார்கள். அது சரியான விடை அன்று. 2 என்பதே சரி! இருநூறு கூட்டலும் நடந்த பிறகு இரண்டே இரண்டு எப்படி வரும்? அதற்குரிய வரிசையை நண்பர் ஒருவருடன் பலகையில் நடித்துக் கண்டுபிடியுங்கள். நூறு முறை என்பது நீளமாகத் தோன்றினால் மூன்று மூன்று முறையாக வைத்துக்கொள்ளுங்கள்; அப்போதும் விடை 2தான். ஒரு குறிப்பு மட்டும் தருகிறேன்: கண்ணன் 0 என்று பார்த்தவுடன் அப்படியே சிலையாக நிற்கட்டும். மேரியின் வேலையில் ஒரே ஒரு கூட்டல் மிஞ்சும் வரை அவன் அசையக் கூடாது.